ருகர் 10/22 ரைஃபிளைத் துடைத்துப் பராமரிக்க: அமெரிக்காவில் புதிதாக வாங்கியவருக்குக் கருவிகள், செலவு, வரிசை

ருகர் 10/22 ரைஃபிளை வாங்கிய நான்கு மாதத்தில், துடைத்துத் துடைத்தே அதன் குழல் வாயைக் கெடுத்துவிட்டேன். 15 டாலருக்குக் கிடைத்த ஒரு பெட்டியில் மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் அலுமினியக் கம்பி இருந்தது. சுடும் தளத்திலிருந்து திரும்பும் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கம்பியைக் குழல் வாய் வழியாக விட்டு இருபது முறையாவது தேய்ப்பேன். 50 கெஜத் தொலைவில் ஓர் எலுமிச்சம்பழத்தின் அளவுக்குள் விழுந்துகொண்டிருந்த குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறத் தொடங்கின. தோட்டாவை மாற்றினேன், தொலைநோக்கியை மாற்றினேன், சரியாகவில்லை. கடைசியில் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். அவர் விளக்கைப் பிடித்துக் குழல் வாயைக் காட்டினார். கம்பி உரசி உரசி அதன் விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. அந்த விளிம்பைப் புதிதாகக் கடைந்து தர 75 டாலரும் மூன்று வாரமும் ஆயின.

அந்தப் பணமும் அந்த வாரங்களும் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் முதல் அரைத் தானியங்கி ரைஃபிள் (ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரு குண்டு சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) வாங்கும் நம்மவர்களில் பலர் .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) என்ற சிறு தோட்டா போடும் இந்த 10/22-ஐத்தான் எடுக்கிறார்கள். விலை குறைவு, தோட்டா மலிவு, தோளில் உதைக்காது. ஆகவே எல்லாவற்றையும் இந்த ஒரு துப்பாக்கியை வைத்தே சொல்கிறேன். நான் இருப்பது டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் பக்கம். உங்கள் மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம்.

1. துணியை எடுக்கும் முன் தாள்களைப் பாருங்கள்

துப்புரவுக் கருவிகள் வாங்க எந்த ஆவணமும் வேண்டாம். ஆனால் துப்பாக்கியைக் கையில் எடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. நம்மவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான்.

எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 போன்ற குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. சில விலக்குகள் உண்டு. நமக்குப் பெரும்பாலும் பொருந்துவது ஏதேனும் ஓர் அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். டெக்சஸில் இந்த உரிமம் எந்த மாதத்தில் வாங்கினாலும் ஆகஸ்டு 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். உள்ளூர்வாசிக்கு 25 டாலர். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டையாடுநர் கல்விப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். உரிமம் முடிந்த மறுநாள் துப்பாக்கி உங்கள் அலமாரியில் இருந்தால் அதுவே குற்றம். ஆகஸ்டு 31-ஐ நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இதில் மறைந்திருக்கும் கண்ணி ஒன்று உண்டு. நண்பரின் துப்பாக்கியைத் துடைத்துக் கொடுக்க வாங்கி வைப்பதும் “வைத்திருப்பது”தான். கணவருக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது, மனைவிக்கு இன்னும் வரவில்லை என்றால், பெட்டகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுகூடக் கேள்வியாகலாம். உங்கள் வீட்டு நிலை இப்படி இருந்தால் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு மேலே படியுங்கள். இந்தச் சட்டத்தை மீறினால் நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்கள் என்ற அளவுக்குப் போகக்கூடிய விஷயம் இது.

கிரீன் கார்டு உள்ளவர் உரிமம் பெற்ற கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பி வாங்கலாம். புகைப்பட அடையாள அட்டையில் இருக்கும் முகவரியும் படிவத்தில் எழுதும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். வீடு மாறிய பிறகு ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரியே இருந்ததால் என்னைக் கடையில் திருப்பி அனுப்பினார்கள். புதிய முகவரி உள்ள வாகனப் பதிவுத் தாள் போன்ற அரசு ஆவணம் ஒன்றைக் கொண்டுபோன பிறகே வேலை நடந்தது. பின்னணிச் சோதனை சில நிமிடத்திலும் முடியும், “தாமதம்” என்று வந்தால் மூன்று வேலை நாட்கள் வரையும் போகும்.

இல்லினாயில் தோட்டா வாங்கவே ஃபாய்ட் என்ற துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை வேண்டும். கலிபோர்னியாவில் பாதுகாப்புச் சான்றிதழும் 10 நாள் காத்திருப்பும் உண்டு. நியூயார்க்கில் அரைத் தானியங்கி ரைஃபிளுக்கு 2022 முதல் தனி அனுமதி வேண்டும்.

துப்பாக்கி வந்ததும் அதன் வரிசை எண்ணைப் படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து வைத்துவிடுங்கள். திருட்டுப் போனால் போலீசும் காப்பீட்டு நிறுவனமும் முதலில் கேட்பது அதைத்தான்.

2. வாங்க வேண்டியவை: எல்லாம் சேர்த்து 100 டாலருக்குள்

கீழே உள்ள விலைகள் நான் கொடுத்தவை. உங்கள் ஊரில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

இழுவைக் கயிறு, 18 டாலர். போர்ஸ்நேக் என்ற பெயரில் கேட்டால் எல்லாக் கடையிலும் தெரியும். ஒரு முனையில் பித்தளைக் கனம், நடுவில் வெண்கல முடி, பின்னால் தடித்த கயிறு. 10/22-இன் வழக்கமான ரிசீவர் (குழலுக்குப் பின்னால், இயங்கும் பாகங்களைத் தாங்கும் உலோகக் கூடு) பின்பக்கம் மூடியிருக்கும். அதனால் பின்னாலிருந்து நேராகக் கம்பி விட வழியில்லை. அந்தக் குறைக்கு மிக எளிய தீர்வு இந்தக் கயிறுதான். தோட்டா நுழையும் பக்கத்தில் விட்டு வாய்ப் பக்கத்தில் இழுத்துவிடலாம். உறையில் .22 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். .223 தோட்டா போடும் ஏஆர்-15 ரைஃபிளுக்கும் இதே அளவு பொருந்தும் என்பதால் பிறகு அதை வாங்கினாலும் கயிறு வீணாகாது.

பல்துலக்கி வடிவ நைலான் பிரஷ் இரண்டு, 4 டாலர். தோட்டாவைத் தள்ளியும் இழுத்தும் முன்பின் ஓடும் போல்டின் முகத்துக்கும் ரிசீவரின் உள்பக்கத்துக்கும்.

கரைப்பான் ஒரு சிறு புட்டி, 8 டாலர். ஹாப்பீஸ் நம்பர் 9 போதும். செம்புப் படிவை நீக்கும் அமோனியா மிகுந்த கரைப்பான் இந்தத் துப்பாக்கிக்கு வேண்டாம். .22 எல்ஆர் குண்டு பெரும்பாலும் மெழுகு தடவிய ஈயம். சில வகைகளில் மெல்லிய செம்புப் பூச்சு இருக்கும், அவ்வளவுதான். போதாததற்கு, அமோனியா உங்கள் வெண்கல முடியையே அரித்துத் துணியைப் பச்சையாக்கிவிடும். குழல் இன்னும் அழுக்காக இருக்கிறது என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பீர்கள்.

துப்பாக்கி எண்ணெய், 8 டாலர். ஒரு சிறு புட்டி இரண்டு ஆண்டு வரும்.

வெட்டிய பருத்தித் துணித்துண்டுகள், 6 டாலர். .22 அளவு என்று போட்டிருக்கும். பழைய பனியனை வெட்டியும் செய்துகொள்ளலாம், ஆனால் நூல் பிரியும் துணியாக இருக்கக் கூடாது.

துப்பாக்கித் திருப்புளித் தொகுப்பு, 22 டாலர். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வீட்டில் இருக்கும் சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்பு போலச் சரிந்திருக்கும். திருகின் பிளவில் மேல்விளிம்பை மட்டும் பிடித்து நழுவும். ஒரு முறை நழுவினால் திருகின் தலை பிய்ந்துவிடும், தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டையில் கீறலும் விழும். துப்பாக்கிக்கென்று செய்த நுனி இருபக்கமும் இணையாக இருந்து பிளவை முழுதாக நிரப்பும். உங்கள் மாதிரியில் பிளவுத் திருகா ஆலன் திருகா என்று முதலில் பார்த்துவிட்டு அதற்கேற்ற நுனி தொகுப்பில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

நைலான் அல்லது பித்தளைப் பஞ்ச், 10 டாலர். ஆணிகளைத் தள்ளி எடுக்க. எஃகுப் பஞ்ச் கறுப்புப் பூச்சைக் கீறும்.

எண்ணெய் உறிஞ்சாத அடியுள்ள விரிப்பு, 12 டாலர். நைட்ரைல் கையுறை, காது குடையும் பஞ்சுக் குச்சி, மூங்கில் பல்குச்சி எல்லாம் சேர்த்து 10 டாலர். தோட்டா அறையில் (சுடும் முன் தோட்டா உட்காரும், குழலின் பின்முனை) செருகிவைக்கும் மஞ்சள் நிறக் கொடி, 2 டாலர். பல சுடும் தளங்களில் இந்தக் கொடி இல்லாமல் துப்பாக்கியை மேசையில் வைக்க விடமாட்டார்கள்.

ஓராண்டு கழித்து விருப்பமிருந்தால் பூச்சுப் போட்ட ஒரே துண்டுக் கம்பி ஒன்றும் (40 முதல் 50 டாலர்), குழல் வாயைக் காக்கும் சிறு பித்தளைக் குப்பி ஒன்றும் (10 டாலர் அளவில்) வாங்கலாம். குப்பி இல்லாமல் கம்பி மட்டும் வாங்குவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம்.

3. எடுத்துப் பார்த்துவிட்டு அலமாரியிலேயே வைத்துவிட வேண்டியவை

திருகிச் சேர்க்கும் அலுமினியக் கம்பியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சிறு படி இருக்கும். மென்மையான அலுமினியத்தில் மண்ணும் உலோகத் துகளும் பதிந்துகொள்ளும். அதைக் குழலுக்குள் விடுவது உப்புத்தாளை விடுவதற்குச் சமம்.

எஃகுக் கம்பி நார் வேண்டாம். கார் பிரேக்கைச் சுத்தம் செய்யும் தெளிப்பான் வேண்டாம், புதிய 10/22-களில் விசைத் தொகுப்பின் (சுட அழுத்தும் விசையும் அதைச் சார்ந்த பாகங்களும்) கூடு பிளாஸ்டிக், கட்டையும் பல மாதிரிகளில் பிளாஸ்டிக். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், ஆனால் எண்ணெயின் இடத்தை நீண்ட நாளுக்கு நிரப்பாது.

நம் வீட்டுப் பழக்கத்தால் வரும் ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். தையல் இயந்திரத்துக்கும் கதவுக் கீலுக்கும் தேங்காய் எண்ணெய் விட்டுப் பழகியவர்கள் நாம். துப்பாக்கியில் அது கூடாது. 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். ஜனவரிக் காலையில் சுடும் தளத்துக்குப் போனால் போல்ட் பாதி வழியில் நிற்கும். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசினாகும். எனக்குத் தெரிந்த ஒருவருடைய துப்பாக்கியில் அந்தப் பிசினைக் கரைக்க ஒரு முழுப் பிற்பகல் ஆனது.

4. இடமும் நேரமும்

முதல் முறைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பழகிய பிறகு நாற்பது நிமிடம். அவசரமாக எங்காவது கிளம்ப வேண்டிய நாளில் தொடங்காதீர்கள்.

சாப்பாட்டு மேசையிலும் சமையலறைத் தொட்டி அருகிலும் ஒருபோதும் செய்யாதீர்கள். .22 தோட்டாவின் கசடில் ஈயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தூளாக மேசையில் தங்கி, இட்லித் தட்டுக்கும் குழந்தையின் விரலுக்கும் போகும். வண்டிக் கொட்டகைதான் நல்லது. கதவைத் திறந்து வைத்தால் கரைப்பானின் வாடையும் வெளியேறும். கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையுறை போடுங்கள், கண்ணாடி போடுங்கள். வேலை முடியும்வரை தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

5. தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள்

மற்ற எந்தப் படியில் தவறினாலும் பணம்தான் போகும். இந்தப் படியில் தவறினால் உயிர் போகும்.

குழல் வாயைப் பாதுகாப்பான திசையில் வையுங்கள். தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினை முதலில் வெளியே எடுங்கள். அதன் பிறகுதான் போல்டின் கைப்பிடியை இழுக்க வேண்டும். வரிசை மாறினால் என்ன ஆகும் தெரியுமா? மேகசின் உள்ளே இருக்கும்போது போல்டை இழுத்துவிட்டால் அறையில் இருந்த தோட்டா வெளியே விழும், போல்ட் முன்னே போகும்போது மேகசினிலிருந்து புதிய தோட்டா ஒன்று அறைக்குள் ஏறிவிடும். தோட்டா கீழே விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர், காலியாகிவிட்டது என்றே நம்புவார். பிறகு மேகசினை எடுத்தாலும் அறைக்குள் இருப்பது இருக்கும்.

மேகசினை எடுத்தபின் போல்டை மூன்று முறை முழுதாக இழுங்கள். நான்காவது முறை பின்னே பிடித்துக்கொண்டு விளக்கடித்துத் தோட்டா அறையைப் பாருங்கள். சுண்டுவிரல் நுனியை விட்டுத் தொட்டும் பாருங்கள். தொலைபேசி மணி அடித்து எழுந்து போனீர்கள் என்றால், திரும்பி வந்து இந்தப் படியை முதலிலிருந்து செய்யுங்கள். வேலை செய்யும் இடத்தில் இருக்கும் எல்லாத் தோட்டாக்களையும், சட்டைப் பையில் இருப்பதையும் சேர்த்து, வேறு அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

6. கழற்றும் வரிசை

ஒவ்வொரு அசைவுக்கும் முன்பு கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். பூட்டும்போது அந்தப் படங்களைக் கடைசியிலிருந்து பார்த்தால் போதும்.

காலியான துப்பாக்கியின் போல்டை ஒருமுறை இழுத்துவிட்டுச் சுத்தியலை (விசையை அழுத்தினால் உள்ளே அடித்துத் தோட்டாவை வெடிக்க வைப்பது) ஏற்றிவையுங்கள். அது ஏறாமல் பாதுகாப்புப் பொத்தான் நகராது. இப்போது பொத்தானை இரு பக்கமும் இல்லாமல் நடுவில் நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் ரிசீவரைக் கட்டையிலிருந்து தூக்க முயன்றால் பொத்தான் மரத்தில் மாட்டிக்கொண்டு வராது. முதல் நாள் இது தெரியாமல் நான் நெம்பினேன், கட்டையில் ஒரு சில்லு தெறித்தது.

கார்பைன் மாதிரியில் கட்டையின் முன்பக்கம் ஒரு வளையம் இருக்கும். அதன் திருகைத் தளர்த்தி வளையத்தை முன்னே நகர்த்தி எடுங்கள். மேகசின் துளைக்கு முன்னால் இருக்கும் ஒற்றைத் திருகை அகற்றுங்கள். குழலை மேலே தூக்கினால் ரிசீவரும் சேர்ந்து வெளியே வரும்.

விசைத் தொகுப்பைப் பிடித்திருப்பவை இரண்டு குறுக்கு ஆணிகள். கட்டையிலிருந்து பிரிந்த நொடியே இவை தானாக நழுவி விழும் அளவுக்குத் தளர்வாக இருக்கும். என்னுடைய ஆணி ஒன்று தரைவிரிப்பில் உருண்டு காணாமல் போய், இரண்டு நாள் தேடி, காந்தம் கட்டிய நூலால் எடுத்தேன். அதனால் விரிப்பின் மேல், ஓரம் உயர்ந்த ஒரு தட்டு வைத்து அதற்கு மேலேயே பிரியுங்கள். ஆணிகளை எடுத்ததும் விசைத் தொகுப்பு கீழே வரும். தனியாகக் கையில் இருக்கும்போது விசையை அழுத்தாதீர்கள். சுத்தியல் ஸ்பிரிங்கின் முழு வேகத்தோடு அடித்துத் தொகுப்பின் கூட்டையோ உங்கள் விரலையோ பதம் பார்க்கும்.

ரிசீவரின் பின்பக்கத்தில் இருக்கும் தடித்த ஆணி போல்ட் மோதி நிற்கும் இடம். அதையும் தள்ளி எடுங்கள். ரிசீவரைத் தலைகீழாக வைத்து, கைப்பிடியைப் பின்னே இழுத்துப் பிடித்தபடி போல்டைத் தூக்கி வெளியே எடுங்கள். பிறகு கைப்பிடியை மெதுவாக விட்டால் அதன் கம்பியும் ஸ்பிரிங்கும் ஒரே தொகுப்பாக வரும்.

இத்தோடு நிறுத்துங்கள். விசைத் தொகுப்புக்குள் இருப்பதையும் போல்டுக்குள் இருப்பதையும் பிரிக்கவே வேண்டாம்.

7. போல்டும் ரிசீவரும்: உங்கள் நேரத்தில் பாதி இங்கேதான்

அரைத் தானியங்கி .22 திக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் குழல் அழுக்கு இல்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் கரியும் மெழுகும் ஈயத்தூளும் பின்பக்கம் பறந்து போல்டின் முகத்தில் அப்பிக்கொள்கின்றன. ஆகவே குழலைத் தேய்க்கும் ஆசையை இங்கே செலவழியுங்கள்.

போல்டின் முகத்தில் கரைப்பான் தொட்ட பிரஷால் தேய்த்து ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். தோட்டாவின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் சிறு கொக்கி ஒன்று போல்டின் முன்பக்க ஓரத்தில் இருக்கும். அதன் நகத்துக்கு அடியில் சேர்ந்த கரிதான் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே வராமல் மாட்டுவதற்குக் காரணம். மூங்கில் பல்குச்சியைக் கரைப்பானில் தோய்த்து அந்த இடுக்கைக் கிளறுங்கள். என் துப்பாக்கியில் முதல் முறை அங்கிருந்து வந்த கரி, கடுகு அளவுக்கு ஒரு கட்டி. அதை எடுத்த அன்றிலிருந்து கூடு மாட்டுவது நின்றுவிட்டது.

ரிசீவரின் உள்சுவர், மேற்கூரை, போல்ட் ஓடும் தடங்கள் எல்லாவற்றையும் துணியால் துடையுங்கள். மூலைகளுக்குப் பஞ்சுக் குச்சி. ரிசீவர் அலுமினியக் கலவை என்பதால் உலோகத்தால் சுரண்டக் கூடாது. விசைத் தொகுப்பை உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டாலே போதும். கரைப்பானை அதில் ஊற்றினால் கரி கரைந்து இன்னும் உள்ளே இறங்கும்.

8. குழல்

போல்ட் வெளியே இருக்கும்போது தோட்டா அறை நன்றாகத் தெரியும். கரைப்பான் தொட்ட பஞ்சுக் குச்சியால் அறையின் ஓரத்தைச் சுற்றித் துடையுங்கள். தோட்டா முழுதாக உட்காராமல் நிற்கிறது என்றால் அங்கே வளையமாகக் கரி கட்டியிருக்கும்.

இழுவைக் கயிற்றின் வெண்கல முடிக்கு முன்னால் இருக்கும் பகுதியில் இரண்டு சொட்டுக் கரைப்பான் விடுங்கள். கனமான முனையை அறைக்குள் போட்டு, வாய்ப் பக்கம் வெளியே வந்ததும் ஒரே மூச்சில் இழுங்கள். கை குழலுக்கு நேர்கோட்டில் இருக்கட்டும். சாய்த்து இழுத்தால் கயிறும் விளிம்பைத் தின்னும், கம்பி செய்ததையே அதுவும் மெதுவாகச் செய்யும். இரண்டு முறை போதும். பாதியில் நின்று பின்னே இழுக்க முயலாதீர்கள். ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் கயிற்றில் நூல் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே அறுந்தால் எடுப்பது பெரும்பாடு, பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

துணித்துண்டு வெள்ளையாக வரும்வரை தேய்க்க வேண்டும் என்பது ராணுவப் பயிற்சிப் படங்கள் நமக்குள் ஏற்றிய எண்ணம். .22 குழலுக்கு அது தேவையில்லை. குண்டின் மெழுகு உள்ளே மெல்லிய படலமாகப் படிந்த பிறகுதான் குழல் சீராகச் சுடும். முழுதாகத் துடைத்துவிட்டுப் போனால் முதல் பத்துப் பதினைந்து குண்டுகள் இடம் மாறி விழும். அதைப் பார்த்துவிட்டுத் தொலைநோக்கியைத் திருகத் தொடங்காதீர்கள். நான் குழலைத் தொடுவதே குறி சிதறும்போதும், மழையில் நனைந்தபோதும், மாதக்கணக்கில் எடுத்துவைக்கும்போதும் மட்டும்தான்.

2012-இல் வந்த டேக்டவுன் மாதிரியை வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலி குறைவு. குழல் தனியாகக் கழலும், பின்பக்கமிருந்தே கம்பி விடலாம்.

9. மேகசின்

10 தோட்டா கொள்ளும் அந்தச் சுழல் மேகசினைத் திறக்க ஒரு திருகுதான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் குறிப்பிட்ட அளவு முறுக்கேற்றப்பட்டது. திறந்த நொடியில் முறுக்கு விட்டுப்போகும், புதியவருக்கு மறுபடி ஏற்றத் தெரியாது. உலர்ந்த துணியால் வாய்ப்பகுதியைத் துடையுங்கள். உள்ளே எண்ணெய் விடாதீர்கள். திக்கினால் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

10. எண்ணெய்: தையல் இயந்திரத்துக்கு விடும் அளவு

போல்டின் மேற்புறத்தில் ஒரு சொட்டு, இரு பக்கமும் ஒவ்வொரு சொட்டு, கைப்பிடியின் கம்பியில் ஒரு சொட்டு. விரலால் பரப்பிவிட்டு மிகுந்ததைத் துணியால் எடுத்துவிடுங்கள். பளபளக்க வேண்டும், வழியக் கூடாது. .22 எல்ஆர் கரி அதிகம் கக்கும் தோட்டா. எண்ணெய் மிகுந்தால் அந்தக் கரியைப் பிடித்துப் பசையாக்கிவிடும், துடைத்த வேலையெல்லாம் அடுத்த நூறு குண்டில் வீண். வெளிப்புற இரும்பில் எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவுங்கள். நம் விரல் வியர்வையின் உப்பு ஒரே இரவில் துருப்புள்ளி வைக்கும் ஊர் ஹூஸ்டன்.

11. பூட்டுவதும் சோதிப்பதும்

எடுத்த படங்களைக் கடைசியிலிருந்து பாருங்கள். விசைத் தொகுப்பை ரிசீவரில் மாட்டும் முன் சுத்தியல் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் போல்டில் இடிக்கும், ஆணி நுழையாது. ஆணி நுழையவில்லை என்று சுத்தியால் தட்டாதீர்கள். சேர வேண்டியவை சரியாகச் சேர்ந்தால் விரலாலேயே நுழையும். கட்டைத் திருகைக் கையால் இறுகும்வரை திருகினால் போதும்.

மேகசின் இல்லாமல், தோட்டா அறையை மறுபடி பார்த்துவிட்டு, பாதுகாப்பான திசையில் வைத்துச் சோதியுங்கள். போல்டை இழுத்து விடுங்கள். பாதுகாப்புப் பொத்தானை வலப்பக்கம் தள்ளிவிட்டு விசையை அழுத்துங்கள், ஒன்றும் நடக்கக் கூடாது. பொத்தானை இடப்பக்கம் தள்ளினால் சிவப்பு வளையம் தெரியும். இப்போது அழுத்தினால் சுத்தியல் விழும் ஒலி கேட்க வேண்டும். இரண்டில் ஒன்று பிசகினாலும் அந்தத் துப்பாக்கியைச் சுடும் தளத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

12. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எங்கே வைப்பது

300 முதல் 500 குண்டுக்கு ஒருமுறை போல்டையும் ரிசீவரையும் துடைக்கிறேன். சுடாமல் வைத்திருந்தால் மாதம் ஒருமுறை வெளியே எடுத்து எண்ணெய்த் துணியால் தடவி வைக்கிறேன். வாங்கியபோது கிடைத்த, உள்ளே பஞ்சு மெத்தை வைத்த பெட்டியில் நாள்கணக்கில் வைக்காதீர்கள். பஞ்சு ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டிப் பிடித்திருக்கும். பூட்டிய பெட்டகத்தில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு நிறுத்திவையுங்கள். டெக்சஸில் 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைக்கு எட்டும்படி சுடத்தக்க நிலையில் துப்பாக்கியை விடுவது குற்றம். கம்பிப் பூட்டு வாங்கக் காசில்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, புராஜெக்ட் சைல்ட்சேஃப் என்ற திட்டத்தின் கீழ் பல காவல் நிலையங்களில் இலவசமாகவே தருகிறார்கள்.

கரைப்பான் தோய்ந்த துணிகளை மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்து, நகராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பு நாளில் கொடுத்துவிடுங்கள். மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசியவர், அந்தத் துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துப் போட்டு வெளியில் உலரவிடுங்கள்.

13. ஊருக்குப் போகும் முன்

சுடும் தளத்துக்கு எடுத்துப் போகும் பையைப் பயணப் பையாக எந்த நாளும் பயன்படுத்தாதீர்கள். .22 தோட்டா ஓர் அங்குல நீளம்தான். பையின் தையல் மடிப்பில் ஒன்று ஒளிந்திருந்தால் உங்களுக்குத் தெரியாது, விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரியும். உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலும் இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பாயும். விடுமுறைக்கு வந்த நாட்களை நீதிமன்றத்தில் கழிக்க நேரும். எனக்கென்று ஒரு பச்சைப் பை வைத்திருக்கிறேன். துப்புரவுக் கருவிகள், கொடி, காதடைப்பான் எல்லாம் அதில்தான். வேலை முடிந்த ஒவ்வொரு முறையும் அதைக் கொட்டகைத் தரையில் தலைகீழாகக் கொட்டி, மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்த்துவிட்டு, பெட்டகத்தின் மேல் வைத்துவிடுகிறேன். வீட்டுக்குள் அது வருவதே இல்லை.